செங்கம்பளத் தெள்ளுப் படலம்

வாழ்க பேனாட்! டென்மார்க்கின் யூலன்ட் நிலப்பரப்பின் நடுவே, மாநகர் என்று சொன்னால் அங்கே குடியிருப்போரே சிரிக்கும் பிராண்டே மாநகரில், காற்றாலை இறகு வார்க்கும் ஆலையின் காலைப் பணிமுறைக்கு இருபத்தாறு ஆண்டுகளாக ஒருநாளும் பிந்தாத பெருந்தோளர் வாழ்க! மன்னார்த் தீவின் மைந்தர், உறைபனியிலும் தொப்பி அணியாத திண்சிரத்தார், ஒக்டோபர் தோறும் மடுமாதாவின் திருச்சுரூபத்தை வீடுவீடாக ஏற்றி இறக்கும் திருத்தேரின் தனிச் சாரதி வாழ்க! அத்தேர், பதினெட்டு வயது நிரம்பிய, பின்கதவைக் கயிற்றால் கட்டவேண்டிய ஒரு பழைய கார்.

வானோரே, செவி சாயுங்கள். சொல்லப் புகுந்தது யானைப் போரன்று, குதிரைப் போரன்று. எள்ளிலும் சிறிய எதிரி ஒன்றோடு ஐம்பத்தெட்டு வயது வீரர் ஒருவர் முழந்தாளில் நின்றபடி ஆடிய பெரும்போர். இதைப் பாட ஆயிரம் நாவு வேண்டும். இருப்பது ஒன்றே என்பதால் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

ஒக்டோபர் செபமாலை மாதம். அம்மாதத்தில் பிராண்டே வாழ் கத்தோலிக்கத் தமிழர், மாலை ஆறரை மணிக்கு, நாளுக்கொரு வீடாகக் கூடிச் செபமாலை சொல்வது வழக்கம். வீட்டுக்கு வீடு மூன்று பொருள்கள் போகும். ஒன்று மாதாவின் சுரூபம். இரண்டு அதை வைக்கும் வெள்ளை லேஸ் விரித்த முக்காலி. மூன்றாவது, இக்காவியத்துக்கெல்லாம் மூலமாகிய செங்கம்பளம். டேனிஷ் வீடுகளின் பலகைத் தரை முழங்காலைக் கொல்கிறது என்று கண்ட முன்னோர், எல்லோரும் சேர்ந்து வாங்கிய கம்பளம் அது. பெரியவரும் சிறியவரும் ஆலை முகாமையாளரும் துப்புரவுப் பணியாளரும் அந்த ஒரே கம்பளத்தில்தான் முழந்தாளிட வேண்டும். கதிரை கேட்கும் உரிமை சத்திரசிகிச்சை செய்த முழங்காலுக்கு மட்டுமே உண்டு. மற்றப் பதினொரு மாதமும் கம்பளம் பேனாட்டின் தோட்டக் கொட்டிலில் சுருண்டு கிடக்கும்.

அக்கொட்டிலின் பின்னே, கைவிடப்பட்ட மரவாடி ஒன்றில், எவருக்கும் அடங்காத பூனைக் குலம் ஒன்று அரசு செலுத்திவந்தது. மொத்தம் ஏழு. அரசியோ ஒற்றைக்காதி, சாம்பல் நிறத்தாள், போர்வடு பூண்ட மூக்கினாள், மனிதர் கை நீட்டினால் கையைக் கிழிப்பவள். இவ்வரசிக்குப் பேனாட் மூன்றாண்டுகளாக மறைவில் திறை செலுத்திவந்தார். தக்காளிச் சாற்றில் ஊறிய மீன் அடைத்த தகர ரின்னும், வேலைக்குக் கொண்டுபோகும் பாணில் பூசவென்று மனைவி வாங்கிவைத்த ஈரல் பசையும் அத்திறையில் அடங்கும். பூனை என்றாலே தும்முபவரான மனைவி அருள்நாயகி அறியாதபடி இது நடந்தது. ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. மகள் கிளோறியா வேலை கிடைத்துக் கோப்பன்ஹேகனுக்குப் போன குளிர்காலத்தில், வேலை முடிந்து வந்து காரை நிறுத்தினால், இயந்திரச் சூட்டுக்காக ஒற்றைக்காதி ஓடிவந்து முன்மூடியில் ஏறிக் குந்தும். தன் காரின் சத்தம் கேட்டு ஓடிவர இவ்வுலகில் ஓர் உயிர் இருக்கிறது என்பது பேனாட்டுக்குப் பிடித்திருந்தது.

அந்த அரசி யூன் மாதத்தில் நான்கு குட்டிகளை ஈன்றாள். ஈன்ற இடம் செங்கம்பளம். பேனாட் அதைக் கண்டார். பாவம், பச்சைக் குட்டிகள், கலைக்க மனம் வரவில்லை. செப்டெம்பர் முப்பதாம் திகதி கம்பளத்தை வெளியே இழுத்து, வேலியில் போட்டு, மூன்று தரம் தடியால் அடித்து, ஒட்டியிருந்த மயிரைத் தும்புத்தடியால் தட்டிவிட்டு, சுத்தமாகிவிட்டது என்று தமக்குத் தாமே தீர்ப்புக் கூறினார். அடித்தது நான்காகவோ ஐந்தாகவோ இருந்தாலும் ஒன்றும் நடந்திராது, ஏனென்றால் எதிரி உள்ளே கோட்டை கட்டியிருந்தான்.

தெள்ளு என்னும் இரத்தம் குடிக்கும் பூச்சியின் பெருமையை இங்கே கூறாமல் விடலாகாது. தன் உயரத்தின் நூறு மடங்கு தாவும் தாளாண்மை உடையது. பக்கவாட்டில் தட்டையான மேனி, பின்னோக்கிச் சாய்ந்த முட்கவசம், விரலால் நசுக்கினும் நசுங்காத வல்லுடல் கொண்டது. அதன் முட்டை பொரித்துப் புழுவாகி, புழு தன்னைச் சுற்றிக் கூடு நெய்து, அக்கூட்டுக்குள் மாதக்கணக்கில் அசையாது தவமிருக்கும். வெப்பம் வரவேண்டும், அதிர்வு வரவேண்டும், மூச்சுக்காற்று வரவேண்டும். மூன்றும் வந்தால் உணவு வந்துவிட்டது என்று அறிந்து, ஒரு நொடியில் கூடு கிழித்து எழும். இனி எண்ணிப்பாருங்கள். நாற்பது பேர் நெருங்கி முழந்தாளிட்டு, நாற்பது தொண்டையால் கம்பளம் அதிரப் பாடி, அதன்மேல் குனிந்து மூச்சுவிடும் செபமாலைக்கு மேலான எழுப்புச்சங்கு தெள்ளுக்கு உண்டோ? முதல்நாளே எழுந்துவிட்டன.

எழுந்த படை காற்சட்டை மடிப்பேறி, பாவாடை விளிம்பேறி, காலுறை ஏறி வீடு வீடாகக் குடிபுகுந்தது. கம்பளம் இன்று போன வீடு நாளை சொறிந்தது. இரண்டாம் வாரத்துக்குள் பிராண்டேத் தமிழர் கணுக்கால்களில் சிவந்த பொட்டுகள் மூன்று மூன்றாக வரிசை கட்டின. பிள்ளைகளைப் பாடசாலையில் இருந்து திருப்பி அனுப்பினார்கள். மூட்டைப்பூச்சி என்றார் ஒருவர், ஒவ்வாமை என்றார் மற்றவர். தெள்ளுத்தான் என்று தெளிவானதும் எல்லாக் கண்களும் ஒரு வீட்டுக் கதவில் போய் நின்றன. அது மேரிகிறேஸின் வீடு.

மேரிகிறேஸ் முதியோர் இல்லத்தில் வேலைசெய்பவர். கணவர் இறந்து நான்கு ஆண்டுகள். வீட்டில் இருப்பது சூட்டி என்ற மஞ்சள் பூனை மட்டும். பிராண்டேத் தமிழரில் பூனை வளர்ப்பவர் இவர் ஒருவரே. குற்றம் சாட்ட வேறென்ன வேண்டும்?

ஆயினும் சாட்சி ஒன்று குறைவாக இருந்தது. அதையும் விதி பேனாட்டின் இடது கக்கத்தில் வைத்தது. புறா முட்டையளவில் ஒரு கட்டி தோன்றி, கை தூக்க முடியாமல், சாயந்தரமானால் காய்ச்சலும் அடித்தது. டொக்டர் அழுத்திப் பார்த்தார், இரத்தம் எடுத்தார், வீட்டில் பூனை உண்டா என்று டேனிஷில் கேட்டார். இறகு வார்க்கும் வீரர், மன்னார் மைந்தர், இல்லை என்றார். கொட்டில் வீடு ஆகாது என்பது அவருடைய வாதம். வியாழனன்று முடிவு வந்தது. பூனைக்கீறல் நோய் என்றும், பூனையின் தெள்ளு கழிக்கும் கரிய துகள் கீறலுக்குள்ளோ சொறிந்த புண்ணுக்குள்ளோ போவதால் வருவது என்றும், பயப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலும் தானாக ஆறும், எதற்கும் மருந்து தருகிறேன் என்றும் டொக்டர் சொன்னார். பேனாட் தம் இடக்கை முதுகில் ஒற்றைக்காதி எழுதிய மூன்று கோடுகளையும் பார்த்துவிட்டு, அந்தக் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அருள்நாயகியோ தொலைபேசியை எடுத்தார். அன்று அவர் பதினொரு வீடுகளுக்கு முழங்கிய முழக்கம் இது:

"என்ர மனிசனுக்குக் கக்கத்துக்குள்ள கட்டியே வந்திட்டுது. பூனைத் தெள்ளாலதானாம், டொக்டரே சொல்லிட்டார். எங்கட ஆக்களுக்க பூனை வச்சிருக்கிறது ஆர்? நான் ஒண்டும் சொல்லேல்லை, நீங்களே யோசியுங்கோ."

யோசித்தார்கள். சனிக்கிழமை மாதா மேரிகிறேஸ் வீட்டுக்குப் போகும் முறை. அதற்காக அவர் ஒரு வாரமாக வேலை முடிந்து வந்து கறி அடைத்துப் பொரிக்கும் ரோல்ஸ் நூற்றிருபது உருட்டிப் பிறீசரில் அடுக்கி வைத்திருந்தார். வருடத்தில் ஒருநாள்தான் அந்த வீடு நிறையும். இதைப் பேனாட் நன்கு அறிவார், ஏனென்றால் போன வருடம் அந்த ரோல்ஸில் ஏழு தின்றவர் அவர். அறிந்தும் வாய் திறக்கவில்லை. திறந்தால் கொட்டில் வெளிவரும், கொட்டில் வெளிவந்தால் அரசி கூண்டேறுவாள், பதினாறு வீட்டாரும் அவரைப் பார்க்கும் பார்வை மாறும். வெட்கக்கேடான கணக்குத்தான். அவருக்கே அது தெரிந்திருந்தது, தெரிந்தும் அன்றிரவு நன்றாகத் தூங்கினார்.

வெள்ளி வந்தது. பேனாட்டின் வீட்டு முறை. அருள்நாயகி மூன்று தரம் தூசியுறிஞ்சி முழக்கி, தம் இல்லம் தெள்ளற்ற இல்லம் என்று வாசலிலேயே வருவோர்க்கெல்லாம் அறிவித்தார். செங்கம்பளம் விரிந்தது. சுரூபம் எழுந்தருளியது. மெழுகுதிரிகள் ஒளிர்ந்தன. மேரிகிறேஸும் வந்தார். கம்பளத்தில் கால் வையாமல், கதவோரத்து ஓட்டுத் தரையில் ஒரு கதிரையைப் போட்டுத் தனியே இருந்தார். அவருடைய முழங்காலுக்கு ஒரு குறையும் இல்லை. கதிரையை அவருக்கு எடுத்துப் போட்டது அருள்நாயகி.

செபமாலைச் சபைத் தலைவர் ஜோன்சன் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"நாளைக்கு மேரிகிறேஸ் வீட்டு முறை இல்லை. மாதா நேரா எங்கட வீட்டுக்கு வருவா. ஒருத்தரும் குறை நினைக்கவேண்டாம். இது சுகாதார விசயம்."

"நான் ரோல்ஸ் எல்லாம் உருட்டி வச்சிட்டன், ஜோன்சன் அண்ணை."

"அது பிறீசரில கிடக்கும்தானே, பிள்ளை."

வீட்டுத் தலைவர் என்ற முறையில் பேனாட் மாதாவின் முன்னே முதல் ஆளாக முழந்தாளிட்டு, செபமாலையை எடுத்து, சிலுவை அடையாளம் போட்டார். நாற்பது பேரின் எண்பது கண்கள் அவர் முதுகில் இருந்தன.

முதற் பத்து. செபமாலையின் மூன்றாம் மணியில் எதிரி வந்தான். வலக் காலுறையின் மேல் விளிம்பில், தோலும் துணியும் சந்திக்கும் எல்லைப்புறத்தில், ஊசி முனையளவு ஓர் அசைவு. பிறகு குத்து. ஆகா, எத்தகைய குத்து! வேல் பாய்ந்தாலும் வேலைப் பிடுங்கலாம், அம்பு பாய்ந்தாலும் அம்பை ஒடிக்கலாம், தெள்ளு குத்தினால் சொறியலாம், அதைத்தான் அவர் செய்யக் கூடாது. தெள்ளற்ற இல்லத்தின் தலைவர் சொறிந்தால், மேரிகிறேஸ் கம்பளத்தை மிதியாத இந்த மாலையில், இத்தெள்ளு எங்கிருந்து வந்தது என்று நாற்பது பேரில் ஒருவராவது கேட்பார். பேனாட் பல்லைக் கடித்தார். அரைவாசிச் செபம் பல்லுக்குள்ளால் வந்தது.

இரண்டாம் பத்து. எதிரி காற்சட்டைக் குகைக்குள் புகுந்து, கெண்டைக்கால் மேட்டில் ஏறி, தான் ஒருவனாக வந்தவன் சுற்றத்தையும் கூட்டிக்கொண்டான். மேட்டில் மூன்று இடத்தில் பாளையம் இறங்கிற்று. வீரரின் உடல் வேர்த்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கட்டி கிடந்த இடக் கக்கம் வலித்தது. கற்றூணில் கட்டுண்டு அடிபட்ட ஆண்டவரைத் தியானிக்கவேண்டிய வேளை அது. அவ்வேளையில் தம் கெண்டைக்காலைத் தியானித்துக்கொண்டிருப்பதை எண்ணிப் பேனாட் உண்மையாகவே வெட்கப்பட்டார்.

மூன்றாம் பத்து. பகைவர் முழங்கால் மடிப்பை முற்றுகையிட்டனர். அங்கே தோல் மெல்லிது, வேர்வை மிகுதி, கை எட்டாது. இடக்குதிகாலால் வலக்காலைத் தேய்க்கலாம் என்று ஒரு போர்த்தந்திரம் உதித்தது. மெல்ல, மிக மெல்ல, தொழுபவர் ஆட்டம்போலத் தோன்றும்படி உடலை அசைத்துக் குதிகாலை நகர்த்தினார். நகர்த்திய வேகத்தில் எண்ணிக்கை தவறி, பத்தோடு நில்லாமல் பதினோராவது அருள்நிறைந்த மரியேயையும் தொடங்கிவிட்டார். கூட்டம் திகைத்து, பின் அதற்கும் மறுமொழி சொன்னது. அருள்நாயகி இருமினார். அந்த இருமல் முப்பது வருடமாகப் பேனாட் அறிந்த இருமல்.

நான்காம் பத்தைப் பாட எனக்கு நெஞ்சில்லை. அதில் எதிரி தொடையை அடைந்தான் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஐந்தாம் பத்து. வீரர் இன்னும் சொறியவில்லை. கண்களில் நீர் முட்டி நின்றது. அதைக் கண்ட பின்வரிசைப் பெண்கள், பேனாட் அண்ணைக்கு எவ்வளவு பக்தி என்று தங்களுக்குள் உருகினார்கள். செபமாலையில் இன்னும் ஆறு மணிகள்தான். வெற்றி கைக்கெட்டும் தூரம். அவ்வேளை கம்பளத்தின் செவ்வெளியிலிருந்து ஒரு கரும்புள்ளி விண்ணில் எழுந்தது. மெழுகுதிரி ஒளியில் மின்னிற்று. வளைந்து, இறங்கி, மாதாவின் பாதத்தருகே, பால் போன்ற வெள்ளை லேஸின் நட்டநடுவில் வந்து நின்றது. நாற்பது பேரும் கண்டனர். செபம் அறுந்தது.

கண்டவர் எவரும் பேனாட்டைப் பார்க்கவில்லை. எல்லாத் தலைகளும் ஒருசேரக் கதவுப்பக்கம் திரும்பின. பதினைந்து அடிக்கு அப்பால், ஓட்டுத் தரையில், கம்பளத்தை ஒரு விரலாலும் தீண்டாமல் இருந்த மேரிகிறேஸ், தம் இரு கால்களையும் கதிரைக்குக் கீழே இழுத்து ஒளித்துக்கொண்டார்.

அந்தக் கால்களைப் பேனாட் பார்த்தார். அந்தப் பார்வையில் வேலி சரிந்தது, கொட்டில் சரிந்தது, மூன்றாண்டு மறைவும் சரிந்தது. செபமாலையைக் கழுத்தில் மாட்டினார். வலக்கையைப் பின்னே கொண்டுபோனார். மாதா காண, சபை காண, மனைவி காண, காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, ஐந்து விரலாலும், ஏர் உழுவதுபோல மேலிருந்து கீழாகச் சொறிந்தார். ஆகா, அந்தச் சுகம்! சொறிந்து முடித்து எழுந்துநின்று, உலகறியச் சாற்றினார்:

"தெள்ளு என்ர வீட்டுத் தெள்ளு. கம்பளத்துக்கு மேல பூனை குட்டி போட்டது. நான் கண்டனான். கண்டும் கொண்டுவந்து விரிச்சனான். மேரிகிறேஸில ஒரு பிழையும் இல்லை."

பிறகு ஜோன்சன் நெகிழ்ந்த குரலில் சொன்னார்:

"பாருங்கோ, ஒரு பொம்பிளைப் பிள்ளை தலைகுனியக் கூடாதெண்டு பழியைத் தன்ர தலையில போடுறார். இதுதான் கிறிஸ்தவ மனசு."

நாற்பது தலைகளும் ஆடின. ஒரு மூதாட்டி வந்து பேனாட்டின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உண்மை சொல்லிப் புனிதராகும் கொடுமை எவருக்கும் நேராதிருப்பதாக! அருள்நாயகியும் சாட்சி சொன்னார்:

"இந்த மனிசன் வளவுக்க ஒரு பூனையை அண்ட விடாது. நான்தானே பாக்கிறனான்."

பேனாட் தோட்டப்பக்கத்துக் கண்ணாடிக் கதவடிக்குப் போய்த் திரைச்சீலையை ஒரே இழுப்பில் இழுத்தார். வெளி விளக்கு தானாக எரிந்தது. மணி ஏழு, திறை செலுத்தும் வேளை. கண்ணாடிக்கு வெளியே பலகை முற்றத்தில் ஏழு பெரியதும் நான்கு சிறியதுமாகப் பதினொரு பூனைகள் வரிசையாக இருந்து, பேனாட்டைப் பார்த்து, ஒரே குரலில் கத்தின. நடுவில் ஒற்றைக்காதி, முன்னங்காலால் கண்ணாடியைத் தட்டினாள்.

"மீன் ரின் எல்லாம் இதுகளுக்கே போனது?" என்றார் அருள்நாயகி. பிறகு ஏழு தரம் தும்மினார்.

அந்த இரைச்சலுக்குள் மேரிகிறேஸ் எழுந்து, அன்று முதல் முறையாகக் கம்பளத்தை மிதித்து, கண்ணாடியருகே வந்து நின்று பூனைகளைப் பார்த்தார். அவர் குரல் உயரவில்லை.

"என்ர சூட்டிக்கு மாதாமாதம் கழுத்தில தெள்ளு மருந்து விடுறனான். ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை." பேனாட்டின் பக்கம் திரும்பினார். "இதுகளுக்கும் விடவேணும், அண்ணை. சாம்பல் நிறத்தாளுக்குக் காது புண், அதையும் காட்டவேணும். பூனைச் சங்கத்துக்கு நான் போன் அடிச்சுச் சொல்லுறன். பிடிச்சுக் குட்டி போடாமல் பண்ணிப்போட்டுத் திருப்பி விடச்சொல்லிக் கேப்பம்."

பேனாட் மன்னிப்புக் கேட்க ஒரு பேருரை ஆயத்தம் செய்துவிட்டு, ஓம் என்று தலையை ஆட்டினார். ஜோன்சன் தரையைப் பார்த்துக்கொண்டு, நாளைக்கு முறை முறைப்படியே நடக்கும் என்றார். மிஞ்சியிருந்த ஆறு மணிச் செபத்தையும் எல்லோரும் நின்றபடி சொல்லி முடித்தனர்.

சனி விடிந்தது. பதினேழு வீடுகளில் தூசியுறிஞ்சிகள் போர்முரசாக முழங்கின. படுக்கை விரிப்புகள் அறுபது பாகை வெந்நீரில் சுழன்றன. செங்கம்பளத்தைக் கரும்பைகளில் சுற்றி, ஒட்டுநாடாவால் இறுகக் கட்டி, திருத்தேரின் பின்னிருக்கையில் கிடத்தி, பேனாட் தனியே குப்பை சேர்க்கும் இடத்துக்குக் கொண்டுபோனார். ஒரு தலைமுறையின் முழங்கால்களைத் தாங்கிய பெருந்துணியை எந்தத் தொட்டியில் போடுவது என்று அங்கே நின்ற ஊழியரைக் கேட்டார். எரியக்கூடியவை, நான்காம் இலக்கம் என்றார் அவர். பேனாட் சிலுவை போட்டுக்கொண்டு நான்காம் இலக்கத்தில் போட்டார்.

மாலை ஆறரைக்கு மாதா மேரிகிறேஸின் இல்லத்தில் எழுந்தருளினார். கம்பளம் இல்லை. அயலவரிடம் இரவல் வாங்கிய கதிரைகளில் பாதிப்பேர் இருந்தும், வெறும் பலகையில் பாதிப்பேர் முழங்கால் நோக நோக நின்றும் செபமாலை சொன்னார்கள். வழக்கமாக வராதவர்களும் அன்று வந்திருந்தார்கள். சூட்டி சாய்கதிரையின் முதுகில் படுத்திருந்து கூட்டத்தை ஆராய்ந்தது, அதைத் தடவாமல் ஒருவரும் போகவில்லை. செபம் முடிந்ததும் வீடெங்கும் பேச்சும் சிரிப்பும் எண்ணெய் மணமும் நிறைந்தன. மேரிகிறேஸ் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைக்க வைக்க நாற்பது கைகள் நீண்டன. பதினேழு நாள் போர் கண்டவர், எண்பது கண் முன்னே சொறிந்தவர், மெய்யுரைத்த மேலோர் பேனாட், இன்னும் வற்றாத கட்டி கிடந்த கக்கத்தோடு, திருத்தேரில் மாதாவின் முக்காலியை ஏற்றிப் பின்கதவைக் கயிற்றால் கட்டிவிட்டு, பசித்த வயிறோடு உள்ளே வந்தார்.

நூற்றிருபது ரோல்ஸும் முடிந்திருந்தன, அவருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.